உப்பேறும் மாதத்தில் குறையும் எண்: கொழும்புத் தொடர்மாடிக் குடிநீரில் ஹாலோ அசற்றிக் அமிலங்கள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியின் நிர்வாகக் குழுவிடம் இரண்டு ஆய்வுகூட அறிக்கைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே சமையலறைப் பைப்பில் எடுத்த நீருக்கானவை. மழைக்காலத்து அறிக்கையில் எச்ஏஏ-5, அதாவது குளோரீனிட்ட நீரில் உருவாகும் ஐந்து ஹாலோ அசற்றிக் அமிலங்களின் கூட்டு, லீற்றருக்கு 58.5 மைக்ரோகிராம், பெப்ரவரி வறட்சியில் எடுத்ததில் 25.5. முதல் அறிக்கையைப் பார்த்துப் பதறியவர்கள் இரண்டாவதைப் பார்த்து "இப்ப தண்ணி திருந்தீட்டுது" என்று ஆறுதலடைவார்கள். உண்மையில் இரண்டாவது நீரில் இந்த வகை மூலக்கூறுகள் ஒன்றுகூடக் குறையவில்லை. நிறைக் கணக்கில் கூடியுமிருக்கலாம்.

கட்டிடமும் இந்த எண்களும் கணக்குக்காக அமைத்துக்கொண்டவை. ஆனால் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட தொடர்மாடிகளில் தண்ணீர் போகும் வழி பெரும்பாலும் இதுதான்: வீதிக் குழாய், மானி, நிலத்தடிச் சம்ப், பம்பு, மொட்டை மாடியில் பிளாஸ்டிக் தாங்கி, பிறகு வீடுகள். இங்கே 16 வீடுகள், வீட்டுக்கு நால்வர், ஆளுக்கு நாளைக்கு 150 லீற்றர் என்று எடுத்தால் நாளாந்தத் தேவை 9,600 லீற்றர். சம்ப் 20,000 லீற்றர், மேல் தாங்கி 10,000. அதாவது வீதிக் குழாயிலிருந்து வந்த நீர் வாய்க்குப் போகுமுன் கட்டிடத்துக்குள்ளேயே மூன்று நாள் தங்குகிறது. இந்த மூன்று நாளைப் பின்னால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

பொருள் என்ன

ஆற்றுநீரிலும் நீர்த்தேக்க நீரிலும் இலைதழை மட்கிக் கரைந்த கரிமம் எப்போதும் உண்டு. ஹியூமிக், புல்விக் அமிலங்கள் அதில் முக்கிய பங்கு. கிருமி கொல்லப் போடும் குளோரீன் கிருமியை மட்டும் தேடிப் போவதில்லை, இந்தக் கரிமத்தையும் தாக்கி உடைக்கிறது. உடைந்த துண்டுகளில் ஒரு கூட்டம் ட்ரைஹாலோமீத்தேன்கள். குளோரோபோம் அதில் ஒன்று, குளோரீனிட்ட நீரில் அது உருவாவது 1974இல் வெளிவந்தது. இன்னொரு கூட்டம் ஹாலோ அசற்றிக் அமிலங்கள்: அசற்றிக் அமிலத்தின் மெதைல் தொகுதியிலுள்ள ஐதரசன்களுக்குப் பதிலாகக் குளோரீனோ புரோமீனோ ஒன்று முதல் மூன்று வரை ஏறியவை.

குளோரீன், புரோமீன் இரண்டை மட்டும் எடுத்தால் ஒன்பது சேர்க்கைகள் வரும். அவற்றில் ஐந்துக்குத்தான் எச்ஏஏ-5 என்று பெயர்: மொனோகுளோரோ, டைகுளோரோ, ட்ரைகுளோரோ, மொனோபுரோமோ, டைபுரோமோ. விடுபட்ட நான்கு: புரோமோகுளோரோ, புரோமோடைகுளோரோ, டைபுரோமோகுளோரோ, ட்ரைபுரோமோ. நான்கிலும் புரோமீன் இருக்கிறது என்பதைக் கவனிக்க.

அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகவரகம் ஐந்தின் கூட்டுக்கு லீற்றருக்கு 60 மைக்ரோகிராம் என்று எல்லை வைத்திருக்கிறது, நான்கு காலாண்டு மாதிரிகளின் சராசரியாக. ஐரோப்பிய ஒன்றியம் 2020ஆம் ஆண்டுக் குடிநீர்ப் பணிப்புரையில் அதே 60ஐ எடுத்து 2026 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கனடாவில் 80. உலக சுகாதார நிறுவனம் கூட்டுத்தொகை தராமல் தனித்தனியே வழிகாட்டல் பெறுமானம் தருகிறது: மொனோகுளோரோவுக்கு 20, டைகுளோரோவுக்குத் தற்காலிகமாக 50, ட்ரைகுளோரோவுக்கு 200. புரோமீன் ஏறியவற்றுக்குத் தரவு போதாது என்று பெறுமானம் வைக்கவில்லை. பெறுமானம் இல்லாததை ஆபத்து இல்லாதது என்று படிக்கக்கூடாது. அமெரிக்கத் தேசிய நச்சியல் திட்டம் 2021இல் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியவை என நியாயமாக எதிர்பார்க்கப்படும் பட்டியலில் ஆறு ஹாலோ அசற்றிக் அமிலங்களைச் சேர்த்தது. அந்த ஆறில் ஐந்தில் புரோமீன் உண்டு. ஐந்தில் நான்கு எச்ஏஏ-5க்கு வெளியே நிற்பவை.

உப்பு எங்கிருந்து வருகிறது

கொழும்பு நகரின் பெரும்பகுதிக்குத் தண்ணீர் களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது. 1886இல் முடிந்த லபுகம நீர்த்தேக்கமும் பின்னால் வந்த கலட்டுவாவையும் காட்டுக்குள்ளிருந்து ஒரு பங்கைத் தருகின்றன. நீர்த்தேக்கங்களுக்கு உப்புத் தொல்லை இல்லை. களனிக்கு உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை ஆற்றில் நீரோட்டம் மெலியும்போது கடல்நீர் ஆற்றின் அடிப்பக்கமாக ஆப்பு வடிவில் மேலேறுகிறது. மணல் அகழ்வால் படுக்கை தாழ்ந்துபோனது அதற்கு வழியை இன்னும் இலகுவாக்கியது. வறட்சியில் அம்பத்தலைக்குக் கீழே மணல்மூட்டை அடுக்கி மறித்ததும், பிறகு நிரந்தர உவர்நீர்த் தடுப்பு வேண்டியதும் இதனால்தான்.

உப்பு என்றதும் எல்லோரும் நாக்கை நினைக்கிறார்கள். வேதியியலில் இங்கே சிக்கல் தருவது புரோமைட்டு. கடல்நீரில் லீற்றருக்குக் குளோரைட்டு ஏறத்தாழ 19,350 மில்லிகிராம், புரோமைட்டு 67. விகிதம் சுமார் 0.0035. நீரில் உப்புச் சுவை தட்டத் தொடங்குவது குளோரைட்டு 250 மில்லிகிராம் அளவில். கடல்நீர் 1.3 சதவீதம் கலந்தாலே அந்த அளவு வந்துவிடும், கூடவே புரோமைட்டு 0.87 மில்லிகிராம். நாக்குக்கு ஒன்றும் தெரியாத 50 மில்லிகிராம் குளோரைட்டில்கூடப் புரோமைட்டு 0.17 இருக்கும். சாதாரண ஆற்றுநீரில் புரோமைட்டு மைக்ரோகிராம் கணக்கில் சில பத்துகள்தான், ஆகவே இது பல மடங்கு.

குளோரீன் புரோமைட்டை ஒட்சியேற்றி ஹைப்போபுரோமஸ் அமிலமாக்குகிறது. கரிமத்தில் அலசனை (குளோரீன், புரோமீன் போன்ற தனிமத்தை) ஏற்றும் வேலையில் அது குளோரீனைவிட வேகமானது. போட்ட குளோரீனில் சிறு பங்கு மட்டுமே இப்படி மாறினாலும், விளைபொருளில் புரோமீனின் பங்கு அதைவிடப் பெரிதாக வருவது அதனால்தான்.

எண் குறைந்த கணக்கு

மழைக்கால நீரில் லீற்றருக்கு டைகுளோரோ 0.2 மைக்ரோமோல் (மூலக்கூறுகளை எண்ணும் அலகு), ட்ரைகுளோரோ 0.2 மைக்ரோமோல் என்று எடுத்துக்கொள்வோம். மூலர்த் திணிவுகள் 128.9, 163.4. நிறையில் 25.8, 32.7. கூட்டினால் 58.5. புரோமீன் இல்லாததால் எச்ஏஏ-5, ஒன்பதின் கூட்டான எச்ஏஏ-9 இரண்டும் ஒன்றே.

வறட்சியில் அதே 0.4 மைக்ரோமோல் உருவாகிறது, புரோமீன் மட்டும் இடையில் புகுகிறது. இரண்டு அலசன் உள்ளவற்றில் கால்வாசி டைகுளோரோவாகவே நிற்க, பாதி புரோமோகுளோரோவாகவும் கால்வாசி டைபுரோமோவாகவும் மாறட்டும். மூன்று அலசன் உள்ளவற்றிலும் அதே போல: கால்வாசி ட்ரைகுளோரோ, பாதி புரோமோடைகுளோரோ, கால்வாசி டைபுரோமோகுளோரோ.

எச்ஏஏ-5 எண்ணுபவை: டைகுளோரோ 6.4, டைபுரோமோ 10.9, ட்ரைகுளோரோ 8.2. மொத்தம் 25.5.
எச்ஏஏ-5 எண்ணாதவை: புரோமோகுளோரோ 17.3, புரோமோடைகுளோரோ 20.8, டைபுரோமோகுளோரோ 12.6. மொத்தம் 50.7.
ஒன்பதின் கூட்டு 76.2.

மூலக்கூறு எண்ணிக்கை மாறவேயில்லை. ஐந்தின் கூட்டு பாதிக்கும் கீழே போயிற்று, ஒன்பதின் கூட்டு கால்பங்குக்கு மேல் கூடிற்று. உயிரணுச் சோதனைகளில் புரோமீன் ஏறியவை குளோரீன் ஏறிய இணைகளைவிட அதிக நஞ்சாக இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், நிர்வாகக் குழு ஆறுதலடைந்த அறிக்கைதான் கவலைப்பட வேண்டியது. ஐந்தின் கூட்டு புரோமைட்டு இல்லாத உள்நாட்டு நீருக்குப் பொருந்தும் அளவுகோல். கடல்முகத்துக்கு அருகே எடுக்கும் ஆற்றுக்கு அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வது சரியல்ல என்பதே இந்தக் கட்டுரையின் நிலைப்பாடு. ஆய்வுகூடத்துக்கு மாதிரி கொடுக்குமுன் "ஒன்பதும் பார்ப்பீர்களா" என்று கேளுங்கள். இல்லையென்றால் குறைந்தது புரோமோகுளோரோவையாவது தனியாகக் கேளுங்கள்.

சுத்திகரிப்பு நிலையத்தால் என்ன முடியும் என்பதற்கும் இங்கே ஓர் எல்லை உண்டு. படிகாரத்தின் அளவைக் கூட்டி, பிஎச்சை 6க்கு அருகே இறக்கி உறையவைத்தால் கரிமம் கூடுதலாகப் படியும். குளோரீனைச் சேற்றுநீரில் முதலிலேயே போடாமல் படிந்த நீரில் போட்டாலும் பயன் உண்டு. ஆனால் படிகாரம் புரோமைட்டைத் தொடாது. கரிமம் குறைந்து புரோமைட்டு அப்படியே நின்றால் இரண்டுக்குமான விகிதம் ஏறும். மொத்தம் குறையும், மீந்ததில் புரோமீனின் பங்கு கூடும். ஓசோன் போட்டால் புரோமைட்டு புரோமேற்றாகும், அதற்கு உலக சுகாதார நிறுவனத்தின் பெறுமானம் 10 மைக்ரோகிராம்தான். ஆகவே உப்பு ஆற்றுக்குள் வராமல் தடுப்பதே மலிவான வழி.

மாதிரி எடுத்தல்

இந்த ஆய்வு கெட்டுப்போவது பெரும்பாலும் கருவியில் அல்ல, போத்தலில். நீரை எடுத்துப் போத்தலில் அடைத்தாலும் அதிலுள்ள குளோரீன் வேலையை நிறுத்தாது. வெள்ளவத்தையிலிருந்து ஆய்வுகூடம் போய்ச் சேரும் வரைக்கும், அங்கே குளிர்ப்பெட்டியில் கிடக்கும் வரைக்கும் அமிலம் உருவாகிக்கொண்டேயிருக்கும். அதை நிறுத்த அமோனியம் குளோரைட்டு வேண்டும், லீற்றருக்கு 100 மில்லிகிராம். 50 மில்லிலீற்றர்ப் போத்தலுக்கு 5 மில்லிகிராம் பளிங்கு. நீர் பிடிக்குமுன்னே போத்தலில் இருக்க வேண்டும். அது கட்டற்ற குளோரீனைக் குளோரமீனாக மாற்றிப் பல்லைப் பிடுங்கிவிடும்.

கிருமிச் சோதனைக்குத் தரும் போத்தலைப் பாவிக்காதீர்கள். அதில் சோடியம் தயோசல்பேற்று இருக்கும். தயோசல்பேற்று புரோமோ அசற்றிக் அமிலத்தோடு தாக்கமடைந்து புரோமீனை வெளியேற்றிவிடும். தேடுகிற பொருளையே அழித்துவிட்டுத் தேடுவதாக முடியும்.

போத்தல் கபிலநிறக் கண்ணாடி, மூடியில் டெப்லோன் உறை. பைப்பின் வாயிலுள்ள வலைத்தட்டைக் கழற்றிவிட்டு நீரின் வெப்பநிலை நிலைக்கும் வரை ஓடவிட வேண்டும். பிறகு பென்சில் தடிப்பில் மெதுவாக நிரப்ப வேண்டும். வழிந்தால் பளிங்கு கழுவப்பட்டுப் போகும். உடனே ஐஸ் பெட்டி. குளிரில் வைத்தால் பிரித்தெடுக்க 14 நாள் அவகாசம் உண்டு.

ஓரிடத்தில் எடுத்தால் யார் மேல் பிழை என்று தெரியாது. ஒரே காலையில் மூன்று இடங்கள் வேண்டும்: மானிக்கும் சம்புக்கும் இடையிலுள்ள பைப், சம்ப், மேல்மாடிச் சமையலறை. ஒவ்வோர் இடத்திலும் அங்கேயே டிபிடி வில்லையால் (குளோரீன் இருந்தால் நிறம் தரும் சோதனை வில்லை) கட்டற்ற குளோரீன், பிஎச், வெப்பநிலை, கரைந்த திண்மம் நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசியானதற்குப் பேனா வடிவ டிடிஎஸ் மானி போதும். கடலுப்பால் குளோரைட்டு 50 மில்லிகிராம் ஏறினால் கரைந்த திண்மம் ஏறத்தாழ 90 மில்லிகிராம் ஏறும். ஈரவலய ஆறான களனியின் நீர் இயல்பாகவே மென்னீர் என்பதால் அந்த ஏற்றம் மானியில் ஒளிந்துகொள்ளாது. மழைக்காலத்தில் ஒரு மாதம் தினமும் பார்த்துக் குறித்து வையுங்கள். வறட்சியில் எண் திடீரென ஏறிய நாள்தான் இரண்டாவது மாதிரிக்கான நாள்.

ஆய்வுகூடத்தில் பழைய முறை இப்படிப் போகும்: கந்தக அமிலத்தால் பிஎச் 0.5க்குக் கீழ், ஈதரில் பிரித்தல், அமில மெதனோலில் 50 பாகை செல்சியஸில் இரண்டு மணிநேரம் மெதைலேற்றம், பிறகு வாயு நிறப்பகுப்பு. புரோமீன் ஏறிய மூன்று அலசன் அமிலங்கள் இதில் முழுதாக மெதைலேறுவதில்லை. ஒன்பதும் கேட்டால் மேம்படுத்திய முறையா, அயன் நிறப்பகுப்புடன் இணைந்த திணிவு நிறமாலையா என்று விசாரிப்பது நல்லது.

கட்டிடத்துக்குள் மூன்று நாள்

ட்ரைஹாலோமீத்தேன் நீர் பழசாகப் பழசாகக் கூடிக்கொண்டே போகும். ஹாலோ அசற்றிக் அமிலம் அப்படியல்ல. குளோரீன் மீதி இருக்கும் வரை கூடும், அது தீர்ந்ததும் தாங்கிச் சுவரில் வழுவழுப்பாகப் படியும் பக்டீரியாப் படலம் இதைத் தின்னத் தொடங்கும். டைகுளோரோவை விரும்பித் தின்னும், ட்ரைகுளோரோவைப் பெரிதாகத் தொடாது. எனவே மானிப் பைப்பைவிட மேல்மாடியில் எச்ஏஏ குறைந்து, டைகுளோரோவுக்கும் ட்ரைகுளோரோவுக்குமான விகிதமும் இறங்கியிருந்தால் கொண்டாட ஒன்றுமில்லை. டிபிடி வில்லை நிறமே தராமல் இருக்கும். அங்கே பார்க்க வேண்டியது கோலிபோம் பக்டீரியா.

மறுமுனையில் இருப்பது கேர்டேக்கரின் கை. பூச்சி விழுந்ததென்றோ யாருக்கோ வயிற்றுக்கோளாறு என்றோ முறைப்பாடு வந்தால் மொட்டை மாடிக்கு ஏறி, தாங்கி மூடியைத் திறந்து, டிசிஎல் என்ற குளோரீன் தூளில் ஒரு பிடி அள்ளிப் போடுவார். ஒரு பிடி 100 கிராம் என்று கொண்டால், 30 சதவீதக் குளோரீன் கணக்கில் 10,000 லீற்றர்த் தாங்கியில் லீற்றருக்கு 3 மில்லிகிராம். தேவை 0.5 மில்லிகிராம்தான். அதற்கு 17 கிராம் தூள் போதும். தூள் கரையாமல் வெள்ளைக் கட்டியாக அடியில் உட்கார்ந்து, படிந்த சேற்றோடு சேர்ந்து நாட்கணக்கில் குளோரீனைக் கசியவிடும். வெயிலில் சூடேறிய தாங்கி, மூன்று நாள் தேங்கிய நீர், அடியில் கரிமச் சேறு, மேலே மிகைக் குளோரீன். இந்த அமிலம் செய்ய இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை. கொழும்பின் ஈரப்பதத்தில் திறந்த டிசிஎல் வாளி வீரியம் இழக்கும் என்பதும் உண்மை, அதற்காகவே ஆட்கள் இன்னொரு பிடி சேர்ப்பார்கள்.

செய்ய வேண்டியவை இந்த ஒழுங்கில்: முதலில் சம்பின் மிதவை வால்வைத் தாழ்த்தி 20,000ஐ 8,000க்குக் கொண்டுவாருங்கள். மேல் தாங்கியையும் 5,000க்கு இறக்கினால் தங்கும் நேரம் மூன்று நாளிலிருந்து ஒன்றரை நாளுக்கும் கீழே வரும். நீர்வெட்டு அறிவித்தல் வந்தால் முதல்நாள் மாத்திரம் நிரப்பினால் போதும். அடுத்தது உள்வரும் குழாயும் வெளிச்செல்லும் குழாயும் தாங்கியின் ஒரே பக்கத்தில் இருந்தால் எதிர்ப்பக்கத்துக்கு மாற்றுவது, இல்லாவிட்டால் மறுபாதி நீர் அசையாமல் கிடக்கும். பிறகு ஆறு மாதத்துக்கொரு முறை இரண்டையும் வடித்து, சேறு அகற்றி, தேய்த்துக் கழுவ வேண்டும். மீள்குளோரீனிடல் இதெல்லாம் செய்தும் மேல்மாடியில் குளோரீன் மீதி லீற்றருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் மட்டுமே. அப்போதும் தூளை வாளியில் கரைத்து, அரைமணி நேரம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் ஊற்ற வேண்டும்.

வீட்டுக்குள்

கொதிக்கவைத்தல் கிருமிக்கு நல்லது, ட்ரைஹாலோமீத்தேனும் ஆவியாகிப் போகும். இந்த அமிலங்கள் போகா. நீரின் பிஎச்சில் அவை அயன்களாகக் கரைந்திருக்கின்றன, ஆவியாவதில்லை. ட்ரைகுளோரோ மட்டும் கொதியில் ஓரளவு உடைந்து குளோரோபோமாகி வெளியேறும். குளோரீன் மீதியுள்ள நீரில் டைகுளோரோ கொதிக்கும்போது சற்றுக் கூடுவதும் உண்டு. கேத்தலில் தண்ணீர் பாதியாக வற்றும் வரை கொதிக்கவிடுவது இவற்றைச் செறிவாக்கத்தான் உதவும்.

கரி வடிகட்டி குளோரீன் மணத்தை எடுக்கும். அயனாக உள்ள அமிலத்தைக் கரி பலமாகப் பிடிப்பதில்லை. மணம் திரும்ப வருமுன்னே அமிலம் கடந்துபோகத் தொடங்கிவிடும், ஆகவே "மணம் இல்லை, பில்டர் நல்லாயிருக்கு" என்ற கணிப்பு இதற்குச் செல்லாது. எதிர்ச்சவ்வூடு பரவல் (ஆர்ஓ) கருவி பெரும்பகுதியை நிறுத்தும், ஏற்றம் உள்ள அயன் என்பதே அங்கே நமக்குச் சாதகம். கூடவே புரோமைட்டையும் உப்பையும் பிடிக்கும். புறஊதா விளக்கு மட்டும் உள்ள கருவியை இதற்காக வாங்குவது வீண்செலவு.

நீச்சல் தடாகம் உள்ள தொடர்மாடிகளில் இன்னொன்று: தடாக நீரில் இந்த அமிலங்கள் ஆவியாகாமல், வடிகட்டியிலும் நிற்காமல் வாரக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். குறைக்க வழி நீரை மாற்றுவதுதான். தாங்கி வழிதலும் தடாகக் கழுவலும் வடிகாலுக்குப் போனபின் மண்ணிலும் நீரிலும் உள்ள பக்டீரியாக்கள் பெரும்பாலானவற்றைச் சிதைத்துவிடும். குளிரூட்டி வாயுக்கள் வளியில் சிதைந்து உருவாகும் ட்ரைபுளோரோ அசற்றிக் அமிலம் அப்படிச் சிதையாது, ஆனால் அது குளோரீனின் வேலையல்ல.

இத்தனையும் படித்துவிட்டுக் குளோரீனே வேண்டாம் என்று யாரும் கிளம்பக்கூடாது. இந்த அமிலங்களின் கணக்கு வாழ்நாள் முழுதும் குடிப்பதை வைத்துப் போட்டது. குளோரீன் இல்லாத சம்பின் கணக்கு இரண்டு நாளில் வயிற்றில் தெரிந்துவிடும்.

மாற்றங்கள் செய்த பின் மறுமாதிரி உடனே எடுக்க வேண்டாம். தாங்கி கழுவிய முதல் வாரம் சுவர்ப்படலம் இல்லாததால் நீர் வழமைக்கு மாறாக நடக்கும். மூன்று வாரம் விட்டு, அதே மூன்று இடங்களில், டிடிஎஸ் மானி முன்பு காட்டிய எண்ணுக்கு அருகே நிற்கும் நாளில் எடுங்கள். மழைக்கால அறிக்கையை வறட்சி அறிக்கையோடு ஒப்பிடாமல், மழையை மழையோடும் வறட்சியை வறட்சியோடும் வைத்துப் பாருங்கள்.